அழக் கூடாத வீடு

என் மாமா மாணிக்கவாசகத்தைப் போல ஜாக்கிரதையான மனிதர் எவரும் மலாக்காவுக்கு வந்திருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்வேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன்பே அம்மை குத்திக்கொண்டார், காலரா ஊசி போட்டுக்கொண்டார், இரண்டுக்கும் முத்திரை வைத்த சீட்டு வாங்கிக்கொண்டார். புட்டி நிறையக் கொயினா மாத்திரை. சொந்தமாகக் கொசுவலை. வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து ஒரு பெரிய கறுப்புக் குடை. நடுக்கடலில் மற்றவர்கள் வாந்தி எடுத்துக் கிடந்தபோது மாமா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். அவரே பெருமையாகச் சொன்னார்.

இவை எல்லாவற்றையும்விட அவருக்கு உசத்தி ஒரு பத்திரம். மாமா திருத்துறைப்பூண்டியில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஊராருக்கெல்லாம் விற்றவர் தனக்கு எடுக்காமல் வருவாரா? மலாயாவில் இருக்கும்போது நோய் நொடி வந்தால் டாக்டர் செலவு, மருந்துச் செலவு, ஆஸ்பத்திரி அறை வாடகை எல்லாவற்றையும் கம்பெனியே கட்டும் என்று எழுதிய பத்திரம் அது. அதை நாலாக மடித்து, மெழுகுத் துணிப் பைக்குள் வைத்து, கயிறு கோத்து, வேட்டிக்குள்ளே இடுப்போடு இறுக்கிக் கட்டியிருந்தார். குளிக்கும்போது மட்டும்தான் அவிழ்ப்பார். அப்போதும் பை கண்ணில் படுகிற இடத்தில் தொங்க வேண்டும்.

"அடுத்தவனுக்குப் பயம் காட்டிப் பொழைக்கிற ஆளு மாப்ள நீங்க. அதுல பாதி பயத்த நீங்களே வச்சிக்கிட்டீங்க லா," என்று அப்பா கேலி செய்வார். அப்பாவின் பெயர் மருதமுத்து. தம்பின் என்ற ஊருக்குப் போகும் பாதையில் பஸ் ஓட்டினார். காட்டோரச் சடக்கில், கம்யூனிஸ்ட்காரர்கள் காட்டில் பதுங்கியிருந்த கெடுபிடிக் காலத்திலும் பஸ் ஓட்டிப் பழகியவருக்கு மாமாவைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். "பயம் இல்லை அத்தான், முன்யோசனை," என்பார்.

அது மெர்டேக்கா வரப்போகிற வருஷம், சித்திரை மாதம். சுதந்திரம் வந்துவிட்டால் யார் இந்த நாட்டுப் பிரஜை, யார் வெளியூர்க்காரன், ஊருக்குப் போனவனைத் திரும்ப உள்ளே விடுவானா என்று எங்கள் காஜா பெராங் பகுதிக் காப்பிக் கடைகளில் ஓயாத பேச்சு. அந்தப் பேச்சு கடல் தாண்டி ஊருக்கும் எட்டியிருந்தது. அதனால்தான் மாமா வந்தார். கதவைச் சாத்துவதற்குள் அக்காவை ஒரு தடவை அழைத்துப்போய்ப் பெற்றவளிடம் காட்டிவிட வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடந்த அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இருவருக்கும் வைகாசிக் கடைசியில் கப்பல்.

என் அம்மா பூங்காவனம் கல்யாணமான கையோடு இங்கே வந்தவள். அப்போது மாமா சின்னப் பையன். அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர்; அவளுக்கு அவர் மணி. பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், கடிதம்கூட நின்றுபோனது. அந்தத் தம்பி மீசையோடும் குடையோடும் வாசலில் வந்து நின்றபோது அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் காதுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தழும்பைத் தடவினாள். "கெணத்தடியில நான்தான் தவற விட்டேன். இன்னும் இருக்கு பாரு," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வந்த மறுநாள் மாமா கேட்ட முதல் கேள்வி ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்பதுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தவர் பொன்னுதுரை, ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர், தெங்கேராவில் வீடு. அவரிடம் மாமாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பத்திரத்தை முழுக்க வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்சை வாறவையள் கோட்டை எங்கை, கடற்கரை எங்கை எண்டு கேப்பினம். ஆஸ்பத்திரி எங்கை எண்டு கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். பயப்பிடாதேயுங்கோ. ஏதும் வருத்தம் எண்டால் உடனை வாங்கோ, நான் நிண்டு பாப்பன்," என்றார்.

மாமா திரும்பி வரும்போது நிம்மதியாக நடந்தார். எனக்கு ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒரு கரண்டிகூடத் தொடவில்லை. "எந்தத் தண்ணியில உறைய வச்சானோ," என்று சொல்லி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்காகவும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டிலும் அதே கதைதான்.

"தண்ணி காய்ச்சினதாக்கா?"

"காய்ச்சினதுதான்டா. ஆறிப்போச்சு, மறுபடியும் காய்ச்சவா?"

இப்படி அக்காவும் தம்பியும் நாள் பூராவும் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அம்மாவின் குரலில் அப்படி ஒரு விளையாட்டு உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரை புக்கிட் காதிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே அப்பா ஒரு துண்டு நிலம் பிடித்துப் போட்டிருந்தார். நிலம் என்று சொன்னால் பெருமை. இடுப்பளவு லாலாங் புல்லும் ரப்பர் பால் வற்றிப்போன இரண்டு பழைய கித்தா மரமும்தான். ஆனால் அம்மாவுக்கு அது மாளிகை. இங்கே அடுப்படி, இங்கே சாமி மாடம், இங்கே முருங்கை என்று புல்லை விலக்கி விலக்கிக் காட்டினாள். மாமா குடையால் தரையைத் தட்டிக்கொண்டே பின்னால் போனார்.

மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தோம். அம்மா புல்லை மிதித்துப் படுக்க வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மாமா செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார்.

"பேப்பரு எதுக்குடா? இங்க வா, அக்கா பக்கத்துல உக்காரு."

"பாம்பு கீம்பு இருக்கும்க்கா."

"ஒன் கொடையப் பாத்ததுமே அது தம்பின் போயிருக்கும். வாடா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு குடையைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். சாப்பிட்ட பிறகு அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்தே விட்டார். அம்மா அவர் தலையைக் கோதிக்கொண்டு ஊரிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டாள். அவர் பதில் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். மலாக்காவில் மாமா எதற்கும் பயப்படாமல் இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

சில நாள் கழித்து இடுப்பில் ஒரு சின்னப் புண் வந்திருப்பதாகச் சொன்னார். பத்திரப் பையின் கயிறு அழுந்துகிற இடம். வலி இல்லை. "கயிறு ஒராஞ்சிடுச்சு. தொறந்து போட்டா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு இந்தப் பையக் கட்டிக்கிட்டுத் திரியிற, பாரு," என்று அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் குழைத்துத் தடவினாள். நானும் பார்த்தேன். நடுவில் சுருட்டு நெருப்பு பட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு. கயிறு உரசிய புண் என்றுதான் எவருக்கும் தோன்றும். பைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டு மாமா கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் தங்கிவிட்ட கம்போங் செட்டிக்காரர்களின் மாரியம்மன் திருவிழா தொடங்கியது. மலாயில் சாச்சார் என்றால் அம்மை. அவர்கள் தங்கள் அம்மனை தாதோக் சாச்சார் என்றே சொல்வார்கள். பக்கத்து வீட்டு பீபிக் பாக்கியலட்சுமி அவர்களில் ஒருவர்; வயதில் மூத்த பெண்களை அவர்கள் பீபிக் என்பார்கள். பெயரும் கும்பிடும் சாமியும் தமிழ், பேச்சு முழுக்க மலாய். விழா நாட்களில் காஜா பெராங் முழுவதும் வேப்பிலை வாசம். கொடியேறிய அன்று மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது.

முதலில் அவரே வைத்தியம் பார்த்துக்கொண்டார். கொயினா விழுங்கினார், கஞ்சி குடித்தார், வலையைச் சுற்றிலும் செருகிக்கொண்டு படுத்தார். காய்ச்சல் அசையவில்லை. தலையைப் பிளக்கிறது என்றார். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தது. அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருவோம் மாப்ள, ஒங்க கம்பெனி காசுதான லா," என்றார். மாமாவும் சட்டையை எடுத்து மாட்டினார். அப்போதுதான் அம்மா பார்த்தாள். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

அம்மா கையிலிருந்த மங்குக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்துக் கும்பிட்டாள். சொந்தத் தம்பியை.

"வந்துட்டியா தாயே," என்றாள்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. வீட்டில் யாரும் யாரையும் உரக்கக் கூப்பிடக் கூடாது. வருகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மை திரும்பி வரும். சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். மருந்து கூடாது, ஊசி கூடாது, டாக்டர் வாசல்படியை மிதிக்கவே கூடாது. ஆத்தாள் வந்திருக்கிற இடத்தில் ஊசி குத்தினால் அவளைக் குத்தியது மாதிரி.

நான் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் அதிகம். அன்று இன்னும் அதிகமாகவே இருந்தது.

"மாமாவுக்கு அம்மை குத்தியிருக்கும்மா! கையில தழும்பு இருக்கு, பொட்டியில சீட்டு இருக்கு. குத்தினவங்களுக்கு எப்படி வரும்?"

"சீட்டப் பாத்துட்டா வருவா அவ? வாயக் கழுவுடி."

மாமா எழுந்து உட்கார்ந்தார். இடுப்புப் பையைத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இதுக்காகத்தானே நான் காகிதம் வச்சிருக்கேன். பொன்னுதுரை சாரும் வரச் சொல்லியிருக்கார். ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேனே."

அம்மா அவர் காலடியில் உட்கார்ந்தாள். அதுவரை என்னிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றைத் தம்பியிடம் சொன்னாள்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். தியாகு. ஜப்பான்காரன் காலத்தில் அவனுக்கு அம்மை போட்டது. அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லிக் கொடுக்க, வண்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் தனியாக வைத்துப் பார்ப்போம், குணமாக்கி அனுப்புவோம் என்றார்கள். அம்மா நம்பிக் கொடுத்தாள். அவன் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டே போனான். பிறகு அப்பா போய்க் கேட்டபோது சுண்ணாம்பு கொட்டிய ஒரு நீளப் பள்ளத்தைக் காட்டினார்களாம். அதில் எந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை.

"ஒரு வேப்பிலகூட வைக்க விடல்ல மணி. ஆத்தா வந்திருந்த பிள்ளைய அனாதையாட்டம் அனுப்பிட்டேன். அழக்கூட இல்ல. அம்மையில போனதுக்கு அழுதா அவளுக்குக் கோவம் வந்து இன்னொரு பிள்ளையையும் எடுத்துக்குவான்னு சொன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டேன்."

அந்த இன்னொரு பிள்ளை நான்தான். கைக்குழந்தையாக இருந்திருக்கிறேன். மாமா வரும்வரை அம்மா என்னிடம் ஏன் ஒரு நாளும் அழுமூஞ்சி காட்டியதில்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

"ஒன்னையும் அங்க குடுக்க மாட்டேன்டா. நானே வச்சிப் பாக்குறேன். ஆத்தா காலப் புடிச்சாவது ஒன்ன எறக்கி விடுறேன். போகாதடா," என்றாள்.

அம்மா பொய் சொல்லவில்லை, அடம் பிடிக்கவில்லை. பயந்திருந்தாள். பயம் என்றால் என்னவென்று மாமாவுக்குத் தெரியாதா? அதை வைத்தே பிழைத்தவர். இடுப்புப் பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு மாட்டியிருந்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"சரிக்கா. உன் இஷ்டம்."

தண்ணீரைக்கூட இரண்டு முறை காய்ச்சிக் குடித்தவர் இதற்குச் சரி என்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அக்கா மனம் நோகக் கூடாது என்று சம்மதித்தவருக்கு எந்தக் கம்பெனி பத்திரம் எழுதிக் கொடுக்கும்?

அம்மா கண்ணிமைக்காமல் பார்த்தாள் என்பது உண்மை. வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருந்தாள். இளநீர், கூழ், பனை நுங்கு கிடைக்காததற்குக் கடல்பாசி. பீபிக் பாக்கியம் கோயிலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அவர் ஒரு நாள் மாமாவின் நெஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு, முத்துகளில் நீர் கோக்கவில்லையே என்று மலாயில் மெல்லக் கேட்டார். "லேசா வந்திருக்கா," என்றாள் அம்மா. பீபிக் மேற்கொண்டு பேசவில்லை. வயதில் மூத்தவர், அம்மைக்கெல்லாம் பழக்கப்பட்டவர்; ஆனால் அடுத்த வீட்டு ஆத்தாளைப் பற்றி அவர் எப்படிச் சண்டை போட முடியும்?

இரண்டொரு நாளில் புள்ளிகள் மங்கத் தொடங்கின. அம்மாவின் முகம் மலர்ந்தது. "எறங்குறா கோகிலா! பாரு, எறங்குறா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதென்று நாள் குறித்தாள். கப்பலுக்கு வாங்கி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெளியே வைத்தாள். பெற்றவளுக்கென்று எடுத்திருந்த சேலையை எனக்கு இன்னொரு தரம் காட்டினாள்.

புள்ளிதான் இறங்கியது. காய்ச்சல் இறங்கவில்லை. மாமாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. அம்மா "மணி" என்று கூப்பிட்டால் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்தாளோடு பேசுகிறான் என்றாள் அம்மா. அவர் உதடு அசைவதை நான் கிட்டே போய்க் கேட்டேன். பிரீமியம் கட்ட வேண்டிய ஆட்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை நேராக தெங்கேராவுக்கு விட்டேன். பொன்னுதுரை ஐயா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"இத்தினை நாளும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அம்மா குறுக்கே வந்து நின்றாள். கையை அகல விரித்தாள். "ஐயா, ஒங்க மேல எனக்கு ரொம்ப மரியாத. வீட்டுல ஆத்தா இருக்கா. நாளைக்குத் தண்ணி ஊத்துறோம். இன்னிக்கு வேணாம்யா."

"நான் ஒண்டும் செய்யேல்லையம்மா. ஒருக்காப் பாக்கிறன், அவ்வளவுதான்."

"பாத்தா ஆபீசுல எழுதிக் குடுப்பீங்க. வண்டி வரும். எனக்குத் தெரியும்யா. எனக்குத் தெரியும்."

அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு, வலை, வேப்பிலை. எதுவும் தெரிந்திருக்காது. அவரும் சாமி கும்பிடுகிற சைவர்தான். வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு, முறைப்படி, ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனார். நான் பின்னாலேயே சடக்குக்கு ஓடினேன்.

"அழாதை பிள்ளை. நான் பிடிச்சு இழுத்தால் கொம்மா கதவைப் பூட்டிப்போடுவா. டொக்டர் ஜாசின் ஊருக்குப் போயிட்டார், இரவுதான் வருவார். விடிய வெள்ளண்ணக் கூட்டிக்கொண்டு வாறன். அவர் வந்து சொன்னால் விடுவா," என்றார்.

அந்த ஒரு விடியலுக்காக நான் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா எனக்கு முன்பே எழுந்து வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, தண்ணீரை வெளியே வெயில் படுகிற இடத்தில் வைத்திருந்தாள். தலைக்குக் குளித்துப் புதுச் சேலை கட்டியிருந்தாள். வலையைத் தூக்கி, "மணி, எந்திரிடா. ஆத்தா போறா, வழி விடணும்," என்றாள். தோளைத் தொட்டாள். மறுபடி தொட்டாள்.

நான் கதவருகில் நின்றிருந்தேன். அம்மாவின் கை அவர் தோளிலிருந்து கழுத்துக்குப் போனது, கழுத்திலிருந்து காதுக்குப் பின்னால் போனது, அந்தத் தழும்பின் மேல் நின்றது. அப்புறம் அசையவில்லை.

எனக்கு அலறல் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா ஒரே எட்டில் வந்து என் வாயைப் பொத்தினாள். கை முழுக்க மஞ்சள் வாசம்.

"அழாதடி. ஆத்தா எடுத்துக்கிட்டா. அழக் கூடாது."

அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். பீபிக் பாக்கியம் வந்து பார்த்துவிட்டு, "கசியான்... கசியான்..." என்று மட்டும் சொல்லி, தோள் துணியால் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டார். பாவம், பாவம் என்று அர்த்தம். அம்மையில் போனவரை எரிக்கக் கூடாது, சங்கு ஊதக் கூடாது; சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். அதற்கு ஆள் சொல்ல அப்பா சட்டையைத் தேடினார். அம்மா மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவருக்கு இன்னும் விசிறிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சாவு வீட்டை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. தெருவில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

பொன்னுதுரை ஐயா சொன்ன சொல் தவறவில்லை. காலையிலேயே கார் வந்தது. கூட ஒரு சீன டாக்டர். இந்தத் தடவை அம்மா தடுக்கவில்லை. இனிமேல் யார் வந்து என்ன என்பது போல் நகர்ந்து இடம் விட்டாள்.

டாக்டர் நெஞ்சைப் பார்த்தார். கையைத் தூக்கி அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். பிறகு அங்குலம் அங்குலமாக உடம்பைத் தேடிக்கொண்டே வந்து இடுப்பில் நின்றார். பையை ஒதுக்கினார், மடித்து வைத்த துணியை எடுத்தார். அந்தக் கறுப்புப் பொருக்கு அங்கேயே இருந்தது. நிமிர்ந்து மலாயில் கேட்டார், இவர் லாலாங் புல்லில் எங்கேயாவது படுத்தாரா?

"புக்கிட் காதில்," என்றேன் நான்.

டாக்டர் தலையை ஆட்டினார். பொன்னுதுரை ஐயாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிந்தது. என் படிப்பு அன்றைக்கு அதற்குத்தான் உதவியது. புரிந்துகொண்டு, அம்மாவுக்குப் புரியாமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பொன்னுதுரை ஐயா அந்தப் பையை அவிழ்த்து, பத்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இருந்தபடியே மடித்து அப்பாவிடம் நீட்டினார். எந்த ஆஸ்பத்திரியானாலும், எத்தனை நாளானாலும் என்று அதில் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக்கே போகாதவருக்கு என்ன என்று எழுதவில்லை. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வைகாசிக் கப்பல் அக்காவும் தம்பியும் இல்லாமலே போனது. அம்மா சாகும்வரை ஊர்ப்பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பாள்?

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் அம்மா விசிறுவதை நிறுத்தியிருந்தாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்னய்யா சொல்றாரு டாக்டரு?"

பொன்னுதுரை ஐயா தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். "இது அம்மை இல்லையம்மா. புல்லிலை கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒண்டு இருக்கும். அது கடிச்சு வாற காய்ச்சல்."

"அதுக்கு மருந்து இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லுங்கள், ஐயா, ஒரே ஒரு பொய் சொல்லுங்கள் என்று எனக்குள் கத்தினேன். அவர் அந்த மாதிரி மனிதர் இல்லை.

"இருக்கம்மா. ஆஸ்பத்திரியிலை இருக்கு."

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தாள். தான் அரைத்து வைத்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாள். வாசலில் வேப்பிலை வாடித் தொங்கியது.

"அப்ப ஆத்தா நம்ம வீட்டுக்கு வரவே இல்லையா?"

"இல்லையம்மா."

அம்மா கையிலிருந்த வேப்பிலைக் கொத்தைக் கீழே வைத்தாள். பிறகு, சின்னப் பெண் அனுமதி கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப நான் அழலாமா?"

நான்தான் போய் அவளைக் கட்டிக்கொண்டு, "அழும்மா," என்றேன்.

அம்மா வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. வந்தபோது தெருவில் போனவர்கள் நின்றார்கள். மாமாவின் பெயரைச் சொல்லித்தான் அழுவாள் என்று நினைத்தேன். அவள் "தியாகு" என்று கூப்பிட்டாள். "என் தியாகு, என் தியாகு" என்று தரையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் என் பொருட்டு அடக்கி வைத்திருந்தது முதலில் வந்தது. மாமாவின் முறை அதற்கு அப்புறம்தான் வந்தது.